தொப்பை இருந்தால் சிறுநீரையும் பரிசோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடல் பருமன் என்றாலே சர்க்கரை, மாரடைப்பு, மூட்டுவலி பற்றித்தான் பேசுகிறோம், சிறுநீரகம் எப்படியோ விட்டுப்போகிறது. என் அண்ணனுக்கு நாற்பதைத் தாண்டியதும் தொப்பை விழுந்தது. வேலையில் உயர்ந்து வசதியாக இருக்கிறார், அதனால்தான் சதை போட்டிருக்கிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான், எனக்கும்தான். வருடா வருடம் பரிசோதனைக்குப் போவார், 'உப்பு' நார்மல் என்று ரிப்போர்ட் வரும், சரி என்று ஃபைலில் வைத்துவிடுவோம். கால் வீங்கிய பிறகுதான் விழித்தோம். இப்போது 57 வயதில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

அந்த 'உப்பு', அதாவது ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் என்ற கழிவு, பலருக்கு சிறுநீரகத்தின் செயல்திறன் பாதி போன பிறகுதான் ஏறவே ஆரம்பிக்கும் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உடம்பு பெருத்தால் சிறுநீரகம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன, அவை வருடக்கணக்கில் அழுத்தம் தாங்கித் தாங்கி முதலில் பெரிதாகி, அப்புறம் தழும்பேறி, ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. போனது திரும்ப முளைக்காது. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தால் இன்னும் வேகம், ஆனால் அவை இல்லாதவருக்கும் பருமன் மட்டுமே இந்தச் சேதத்தைச் செய்யக்கூடும்.

பெரும்பாலும் இதை முதலில் காட்டிக்கொடுப்பது சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம். சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்புமினைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், ஒரு சின்ன டப்பா சிறுநீர் கொடுத்தால் போதும். அண்ணனுக்கு இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதை எடுக்கவில்லை. அந்தக் கட்டத்திலேயே எடையைக் குறைத்தால் கசிவும் குறையும் என்று மருத்துவர் இப்போது சொல்லும்போது மனசு கிடந்து தவிக்கிறது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோடு இருக்கிறார்கள். எத்தனை வீடுகள் என்று நினைத்துப் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டியிருந்தால், உடல் பரிசோதனைப் பட்டியலில் இந்த அல்புமின் பரிசோதனையையும் கட்டாயம் சேர்க்க வேண்டும், அரசு முகாமானாலும் தனியார் ஆய்வகமானாலும். உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு சிறுநீரக மருத்துவரைக் கொண்டு இதைப் பற்றி விரிவாக எழுத வையுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி