ஞாயிறு லூட் அமர்வு: கிட்டார் இருந்தாலும் போதும்

நண்பர்களே, லூட் (கிட்டார் போன்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம்) வாசிக்க இந்த ஞாயிறு மாலை 5 மணிக்கு ஆன்லைனில் கூடுகிறோம். 1507இல் வெனிஸில் அச்சகர் பெத்ருச்சி அச்சிட்ட, லூட் கலைஞர் ஸ்பினாச்சினோவின் தொகுப்பிலிருந்து சின்ன ரிசெர்காரே (வாத்தியத்துக்கான பழைய இசை வடிவம்) ஒன்றை வாசிக்கலாம். அச்சில் வந்து நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய லூட் இசை இதுதான்.

லூட் இல்லாதவர்கள் கிட்டாரின் மூன்றாம் தந்தியை ஜியிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்குங்கள். மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் சரி. இத்தாலிய டாப்லேச்சரில் (எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று காட்டும் இசைக் குறிப்பு) கீழ்க்கோடுதான் உச்ச சுருதித் தந்தி. கிட்டார் டேப்பில் (கிட்டாருக்கான டாப்லேச்சர்) இது தலைகீழ் என்பதால், அதில் பழகியவர்களுக்கு முதலில் தலை சுற்றும், பயப்பட வேண்டாம்.

அப்புறம், லூட் செய்பவர்கள் மேற்பலகையை உடலோடு ஒட்டுவதற்கு முன்பே ரோஜாவை (ஒலித்துளையின் பூவேலைப்பாடு) செதுக்கிவிடுங்கள். அது தனியே ஒட்டும் அலங்காரம் இல்லை, அதே பலகையில் குடைவது. பலகையோ 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. மழுங்கிய கத்தியைத் தொடவே வேண்டாம்!