எங்கள் பிள்ளைகளுக்காக இளைஞர் நீதிக் குழுமத்தில் நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள வக்கீல்களுக்கும் உடன் நின்ற மற்றவர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலில் யார் பெயரும் இல்லை. வழக்கில் சிக்கிய பிள்ளையின் அடையாளம் வெளியே வரக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. உங்கள் பெயரைப் போட்டால் எந்தப் பிள்ளை என்று ஊர் கண்டுபிடித்துவிடும். அதனால் நீங்கள் செய்ததை மட்டும் எழுதுகிறோம். அடுத்து வரும் குடும்பத்துக்கு அது உதவும்.

"எந்த ஸ்டேஷன்? எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்க?" இந்த இரண்டை மட்டும் கேட்டுவிட்டு உடனே கிளம்பிய சட்ட உதவி வக்கீல்களுக்கு முதல் நன்றி. பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை, 18 வயது நிறையாதவர்களின் வழக்கைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் வைக்கவோ, விலங்கு மாட்டவோ, எழுதி வைத்த தாளில் கையெழுத்து வாங்கவோ கூடாது. இதெல்லாம் மீறப்படுவது அந்த முதல் நாளில்தான்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலக ஊழியர்களுக்கும் நன்றி. வருமானச் சான்றிதழ் இல்லையே என்று தயங்கும் தாய்மாரிடம், "குழந்தைன்னா வருமானமே பார்க்க வேண்டாம்மா" என்று சொல்லி, பிள்ளையின் பெயர், வயது, காவல் நிலையம், குற்ற எண் ஆகியவற்றை வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறீர்கள். வர முடியாதவர்களுக்கு 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண் இருக்கிறது. ஆணைக்குழு அமர்த்தும் வக்கீலுக்குக் குடும்பம் பணம் தர வேண்டியதில்லை. யாராவது கேட்டால் ஆணைக்குழுச் செயலரிடம் சொல்லலாம்.

சொந்தச் செலவில் வக்கீல் வைப்பவர்களும் உண்டு. செஷன்ஸ் கோர்ட்டில் பெரிய பெயர் என்பதற்காகவே வைத்துவிடுகிறார்கள், சிக்கல் அங்கே தொடங்குகிறது. அவர் வழக்கு பலவீனமானது என்று வாதாடுவார். குழுமமோ பிள்ளை எங்கே தங்குவான், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்கும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி ஜாமீனில் விட முடியாத குற்றமானாலும் பிள்ளையை ஜாமீனில் விடுவதே விதி. குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், பிள்ளைக்கு ஆபத்து, நீதி கெடும் என்ற மூன்றில் ஒன்றைக் காரணம் காட்டித்தான் மறுக்க முடியும். ஆகவே வேறு ஊரில் உள்ள அத்தையின் உறுதிமொழி, திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம் என்ற பள்ளியின் கடிதம் என்று தேடிச் சேர்த்த வக்கீல்களே ஜாமீன் வாங்கித் தந்தார்கள். நிபந்தனையை ஏழை வீட்டால் நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் ஆனால் அதை மாற்றக் கேட்கலாம். அந்தத் தேதியைக் குறித்து வைத்த குமாஸ்தாக்களுக்குத் தனி நன்றி.

தலைமையாசிரியர்களே, உங்களை மறக்கவே முடியாது. ஆதாரைப் பார்த்து வயது 19 என்று எழுதப்பட்டால் பிள்ளை பெரியவர்களின் சிறைக்குப் போய்விடும். 94ஆம் பிரிவு முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழை. அது இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. விடுமுறை நாளிலும் பீரோவைத் திறந்து, பழுப்பேறிய சேர்க்கைப் பதிவேட்டில் அந்த ஒரு வரியைத் தேடி, நகலெடுத்து முத்திரை வைத்துக் கொடுத்தீர்கள். வயதுக் கோரிக்கையை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம் என்றாலும், முதல் நாளே எழுப்பினால் பிள்ளை ஒரு இரவுகூடச் சிறையைப் பார்க்காது.

"ஒத்துக்கிட்டா இன்னைக்கே விட்டுடுவாங்க" என்று சொன்னவர்களைத் தள்ளி நிறுத்திய வக்கீல்களே, அப்பாவையும் வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பேசும்வரை காத்திருந்தீர்களே, அந்தப் பொறுமைக்குக் கைகூப்புகிறோம். அப்பா எதிரே நின்றால் எந்தப் பையனும் உண்மையைச் சொல்ல மாட்டான்.

16 வயது நிறைந்தவர்கள் மீது கொடுங்குற்றம் சுமத்தப்பட்டால், பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று முதற்கட்ட மதிப்பீடு நடக்கும். வழக்கின் போக்கையே மாற்றும் கட்டம் அது. அங்கே உளவியலாளரின் உதவி வேண்டும், ஆவணங்கள் எங்களுக்கும் வேண்டும் என்று விடாமல் கேட்டீர்கள். இந்த மதிப்பீடு பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கையில் வைத்திருந்தீர்கள். வீட்டுச் சூழலை நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுதிய நன்னடத்தை அலுவலர்களுக்கும் நன்றி.

வழக்கு முடிந்த பிறகும் சிலர் விடவில்லை. 24ஆம் பிரிவின்படி பதிவுகளை அழிக்கும் உத்தரவைக் கேட்டு வாங்கி, வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பு வந்தால் காட்டும்படி அதன் சான்றிட்ட நகலை அம்மாக்களிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

நன்றியுடன்,
குழுமத்துக்கு வரும் குடும்பங்களோடு துணை நிற்கும் பெற்றோரும் தன்னார்வலர்களும்