மதாம் போர்த்திய ஏழு செடி

சேசு மரி சூசை

சார்செல், பிரான்ஸ், மே 21

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. உடம்பு சரியில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். வில்லியனூர் மாதா தேர் அன்று உங்களையெல்லாம் ரொம்ப நினைத்துக்கொண்டேன்.

இங்கே தோட்டம் போட ஒரு துண்டு நிலம் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பயப்படாதே, சொற்பப் பணம்தான். 1896-இல் லெமீர் என்ற சாமியார் தொழிலாளிக் குடும்பங்களுக்காக ஆரம்பித்துவைத்த வழக்கம் இது. வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், சாயங்காலம் சும்மாதானே இருக்கிறேன்.

பக்கத்துப் பாத்தி ஒரு போர்த்துகீசிய மதாமுடையது. எப்போதும் கறுப்பு உடை, முட்டி வரை ரப்பர் பூட்ஸ். ஓடில்லாத நத்தைகளுக்காகக் கிண்ணத்தில் பீர் ஊற்றி மண்ணில் பதித்து வைப்பாள். அதுகளும் வந்து குடித்து அதிலேயே விழுந்து சாகும். பெரியப்பா ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். அவரிடம் சொல்லிவிடாதே.

நீ டப்பாவில் கொடுத்த முள்ளுக்கத்தரி விதையை ஜன்னலோரம் நாற்று விட்டு, ஏப்ரல் கடைசியில் நட்டேன். மதாம் விரலை ஆட்டினாள். மாமெர், பங்க்ராஸ், செர்வே என்று மூன்று பனிப் புனிதர்களாம். அவர்கள் நாள் மே 11, 12, 13. அது தாண்டாமல் நடக்கூடாதாம். நான் கேட்கவில்லை. 12-ஆம் தேதி ராத்திரி உறைபனி. காலையில் போனால் எல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துக் கிடந்தது. ஏழு செடி மட்டும் பச்சை. மதாம் தன் பழைய படுக்கை விரிப்பை என்னிடம் சொல்லாமலே போர்த்திவிட்டுப் போயிருக்கிறாள்.

துணியில் என்ன சூடு இருக்கிறது என்று கேட்டேன். துணியில் இல்லை, பகலில் மண் வாங்கிய சூடு ராத்திரி மேலே போய்விடுகிறது, அதைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் துணி என்றாள். காலையில் எடுத்து, சாயங்காலம் மறுபடி போட வேண்டும். ஒரு ராத்திரி மறந்தாலும் போச்சு.

படுக்கும்முன் எங்கள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு, காவல் சம்மனசைத் துணைக்குக் கூப்பிடுவாயே. அப்பா செத்த அன்றும் நீ விடவில்லை. சிலுவை போட்டும் ஜுரம் வரத்தானே செய்தது என்று பத்தாவது படிக்கும்போது உன்னிடம் சண்டை போட்டேன். பனி வரத்தான் வரும் அம்மா. எங்களுக்குள் இருந்த சூட்டைத்தான் நீ தினமும் மூடி வைத்திருக்கிறாய். இப்போது ராத்திரியில் நானே போட்டுக்கொள்கிறேன். உன் கட்டைவிரல் மாதிரி இல்லை.

சரி, வீட்டு விஷயம். அரியாங்குப்பம் மனையில் பக்கத்து மனைக்காரர் வேலியை இரண்டடி தள்ளிப் போட்டதற்கு அண்ணன் சண்டைக்குப் போக வேண்டாம். முதலில் சர்வேயரை வைத்து அளக்கட்டும். பத்திரம் பீரோவில் அப்பா வேட்டிக்குக் கீழே இருக்கிறது. தங்கச்சிக்குக் கோயிலில் முதல் கல்யாண ஓலை எந்த ஞாயிறு வாசிக்கிறார்கள்? பணம் ஜூன் கடைசியில் அனுப்புகிறேன், இப்போதைக்குப் பாதி. அண்ணி நகையைத் தொடாதீர்கள். என் சங்கிலி உன்னிடம்தானே இருக்கிறது, அதை அடகு வை.

அப்புறம், யாராவது இந்தப் பக்கம் வந்தால் முள்ளுக்கத்தரி விதை இன்னும் கொஞ்சம் கொடுத்தனுப்பு. மதாமும் கேட்கிறாள்.

உன் சின்ன மகன்