கணக்கோலை தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

செங்கோட்டை, புளியரை, பண்பொழி உறவுகளுக்கும், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை அன்பர்களுக்கும் எங்கள் சுவடிப் பாதுகாப்பு அறக்கட்டளையின் வணக்கம்.

முதல் சுற்றில் வந்த சுவடிகள் துப்புரவாகி, படமெடுக்கப்பட்டு, அவரவர் வீட்டுக்கே திரும்பிவிட்டன. மேடை போட்டுப் பொன்னாடை போர்த்த எங்களிடம் பணமில்லை. இருந்தாலும் அது தைலத்துக்கும் துணிக்கும்தான் போயிருக்கும். ஆகவே இந்த மடல்.

கணக்கோலைகளைத் தந்தவர்களுக்குத்தான் முதல் நன்றி. வீட்டில் இராமாயண ஏடோ வைத்திய வாகடமோ இருந்தால் யாரும் பெருமையாக எடுத்துக் காட்டுவார்கள். நெல் அளந்த கணக்கு, ஒத்தி ஓலை, கடன் முறி, வாய்க்கால் முறை என்றால் பரணில் கிடக்கும். இல்லையென்றால் ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றோடு போகும். கம்பருக்கு வேறு பிரதி கிடைக்கும். புளியரையில் இன்ன வயலுக்கு இன்ன மடையில் தண்ணீர் பாய்ந்தது என்பதற்கு வேறு பிரதிக்கு எங்கே போவது? "இதில் என்னப்பா இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே ஓலைக்கட்டை எடுத்துத் தந்தீர்களே, அதில்தான் எல்லாம் இருந்தது. விலை பேச வந்த பழம்பொருள் வியாபாரிகளை வாசலோடு அனுப்பி வைத்த வீட்டாருக்கு இன்னொரு கும்பிடு. வரலாற்று மதிப்புள்ள சுவடி 75 ஆண்டு பழையதானால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இதை அந்த வியாபாரிகள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டைத் தாலுகாவைப் பிரித்து, கிழக்குப் பகுதியைச் சென்னை மாநிலத்தில் சேர்த்தார்கள். மேற்கே மலைப்பகுதி கேரளத்தில் நின்றுவிட்டது. அதுவரை எல்லாம் திருவிதாங்கூர்ச் சீமை, 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி. அதனால்தான் நம் ஓலைகளில் மலையாள நாட்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு இருக்கிறது. ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டோடு மார்கழிப் பாதிவரை 824, அதன்பின் 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். திருவிதாங்கூரில் எல்லாச் சாதியாருக்கும் கோயிலைத் திறந்துவிட்ட கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த கொல்லம் 1112 ஐப்பசி, 1936 நவம்பர் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது எளிது. வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்தும் மலையாண்மை என்ற பழைய மலையாள எழுத்தும் கலந்து வரும் ஓலைதான் எங்களைத் திணறடித்தது. திருவனந்தபுரத்திலிருந்து ரயிலேறி வந்து உட்கார்ந்து படித்துக் கொடுத்தார் ஓய்வுபெற்ற சுவடி நூலகர் ஒருவர். பெயர் போடக்கூடாது என்பது அவர் உத்தரவு. நன்றி, சேட்டா.

அவரே கைவிரித்த இடம் பின்னக் குறிகள். மா என்றால் 1/20, முந்திரி என்றால் 1/320 என்று புத்தகத்தில் இருக்கிறது. தேய்ந்த ஓலையில் எது எதுவென்று யார் சொல்வது? பண்பொழியில் ஒரு கணக்கப்பிள்ளையின் மகள், எங்களுக்கெல்லாம் ஆச்சி, திண்ணையில் கால் நீட்டியபடி கீழ்வாயிலக்கம் என்ற பின்ன வாய்பாட்டை மடமடவென்று ஒப்பித்தார். கூட்டுத்தொகை சரியாக வந்தது. "எழுதினவன் ஒரு முந்திரி விட்டிருக்கிறான்" என்று நடுவில் அந்தக் காலத்துக் கணக்கனையும் ஒரு பிடி பிடித்தார்.

அடுத்து, பீடி சுற்றும் அக்காமார். பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் குறைபட்டாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்கிறேன்: ஒட்டிப்போன ஏடுகளைப் பிரிப்பதில் இவர்கள் விரலுக்கு ஈடில்லை. இலையோடு பழகிய கை. ஏடுகளைக் கோத்த நாராசம் என்ற கம்பியை உருவி, கயிற்றைத் தளர்த்தி, மூங்கில் சிம்பு ஒன்றை ஓரத்தில் நுழைத்து மெல்ல நகர்த்துவார்கள். ஓலை முனகினால் நிறுத்திவிடுவார்கள். பிறகு மென்தூரிகையால் தூசி தட்டி, எலுமிச்சம்புல் தைலத்தைப் பஞ்சில் தொட்டு ஒத்துவார்கள். விறைத்த ஏடு வளைந்து கொடுக்கும். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்தால், கீறல் மட்டும் கரியைப் பிடித்துக்கொண்டு எழுத்து எழுந்து நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அறையில் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் சாரலைக் கொண்டாடட்டும். எங்களுக்கு அது பூஞ்சைக் காலம். அந்த மாதங்களில் தன் அரிசி ஆலையின் மாடியை, ஈரம் ஏறாத ஓர் அறையை, வாடகையில்லாமல் தந்தவருக்கும், மூட்டைகளைக் குழந்தைபோல் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஆட்டோ ஓட்டுநருக்கும், பால் விலை ஏறியும் எங்கள் கணக்கில் டீ விலையை ஏற்றாத கடைக்காரருக்கும், ஏட்டின் இருபுறமும் அளவுகோல் வைத்து அலுக்காமல் படமெடுத்த தம்பிகளுக்கும் நன்றி.

ஒரு வீட்டு அலமாரி எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பவர்களுக்கு: கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்கள்தான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின.

தை பிறந்ததும் அடுத்த சுற்று. பரணில் கட்டு இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நாங்களே வருகிறோம். அதுவரை அவிழ்க்க வேண்டாம், வெயிலில் போட வேண்டாம், தேங்காயெண்ணெய் தடவவே வேண்டாம்.

அன்புடன்,
செயலாளர்