போகாத ரீடிங்குக்கு 'அனுப்பப்பட்டது' என்று காட்டும் உங்கள் ஆப் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளருக்கு,

வணக்கம். கர்ப்பிணிகளுக்கென்று நீங்கள் விற்கும் பிபி மெஷினையும், மாதச் சந்தாவோடு வரும் ஆப்பையும் என் மனைவிக்காக வாங்கினேன். போனில் எத்தனை முறை பேசினாலும் "ஆப்பை அப்டேட் பண்ணுங்க சார்" என்பதைத் தாண்டி பதில் வராததால் எழுத்தில் தருகிறேன்.

அவளுக்கு இது தலைப்பிரசவம். பிபி ஏற வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே ஆஸ்பிரின் கொடுத்திருந்தார். வளைகாப்பு முடிந்து அம்பாசமுத்திரம் பக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போனாள், ஆஸ்பத்திரியோ திருநெல்வேலியில், தினமும் போய் வர முடியாது என்பதால்தான் காலையும் மாலையும் வீட்டிலேயே பார்த்து டாக்டருக்கு அனுப்பும் இந்த ஏற்பாடு. அந்த ஊரில் சிக்னல் வரும், போகும். வாங்கும்போதே உங்கள் ஆளிடம் கேட்டேன். நெட் வந்ததும் தானாகப் போய்விடும் என்றார்.

போகவில்லை. ஆனால் ஒவ்வொரு ரீடிங் பக்கத்திலும் பச்சை டிக், 'அனுப்பப்பட்டது'. 138/88, அப்புறம் 144/92, பிறகு 152/98 என்று ஏறிக்கொண்டே போயிருக்கிறது. டாக்டர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், பயப்படும்படி இருந்தால் கூப்பிட்டிருப்பாரே என்று வீட்டில் நம்பியிருக்கிறார்கள். தலைவலி விடவில்லை, கண்ணுக்குள் மின்னுகிறது என்று அவள் சொன்ன பிறகு கார் பிடித்து ஓடினோம். அங்கே 164/112, சிறுநீரில் புரதம். நர்ஸ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார், அந்த வாரம் முழுக்க வெறும் கட்டங்கள். என் மாமியார் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருந்ததால்தான் எப்போதிலிருந்து ஏறுகிறது என்று டாக்டருக்கே தெரிந்தது.

வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, சிசேரியன் செய்து, குறைமாதத்தில் பிறந்த குழந்தையை ஐசியூவில் வைத்தார்கள். இப்போது இருவரும் நலம்.

அனுப்ப முடியவில்லை என்று சிவப்பில் ஒரு வரி வந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இன்னொன்று, 144/92-க்கு உங்கள் ஆப் 'சற்று அதிகம்' என்று மஞ்சள் காட்டியது. கர்ப்பத்தில் 140/90 தொட்டாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும், 160/110 என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எல்லாருக்கும் போடும் அட்டவணையையே கர்ப்பிணிக்கும் போட்டுவிட்டு, பெட்டியில் மட்டும் வயிற்றுப் பிள்ளைக்காரி படம் எதற்கு?

குழந்தை பிறந்த தேதியைப் பதிந்ததும் 'உங்கள் திட்டம் நிறைவடைந்தது' என்று ஆப் மூடிக்கொண்டது. பிரசவத்துக்குப் பிறகும் பிபி ஏறலாம், வலிப்புகூட வரலாம். டாக்டர் அவளை இன்னும் தினமும் பிபி பார்க்கச் சொல்லியிருக்கிறார். இப்போது நோட்டில்தான் எழுதுகிறோம்.

மெஷினுக்கும் சந்தாவுக்கும் கட்டிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும். அதைவிட முக்கியம், டாக்டர் பக்கம் போய்ச் சேர்ந்தால் மட்டுமே டிக் வரும்படி மாற்றுங்கள், அதுவரை இந்த ஆப்பை நம்பியிருக்கும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ரீடிங்கைப் போனிலும் சொல்லச் சொல்லி இன்றே மெசேஜ் அனுப்புங்கள். ஆப் திரை, நோட்டுப் பக்கம், பில் மூன்றின் படமும் இணைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்