சேடிலைத் திருகுறதுக்கு முன்னாடி ஸ்ப்ரிங்கைப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல எலக்ட்ரிக் கிட்டார் பராமரிப்பு பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, தமிழ் பேப்பர்ல இதெல்லாம் வர்றதே அபூர்வம், ரொம்ப சந்தோஷமா படிச்சேன். ஆனா அதுல 'விரல் வலிச்சா பிரிட்ஜ்ல இருக்கற சேடில் ஸ்க்ரூவை இறக்குங்க, கம்பி தாழ்ந்துடும்'னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. (பிரிட்ஜ்ங்கறது கம்பியோட அடி முனையை பாடியில பிடிச்சிருக்கற பாகம், சேடில் அதுல ஒவ்வொரு கம்பியும் உக்கார்ற குட்டித் துண்டு.) பக்கத்துல போட்ட படமோ வேமி பார் (அமுக்கி இழுத்து சுருதியை ஆட்டற கைப்பிடி) வெச்ச ஸ்ட்ராட், அதாவது ஸ்ட்ராட்டோகேஸ்டர் மாடல். அந்த மாதிரி கிட்டார்ல இந்த ஒரு வரியை நம்பி ஆலன் கீயை (ஆறு பட்டை திருகு சாவி) கையில எடுத்தா கதை கந்தலாயிடும், அதுக்குத்தான் இந்த லெட்டர்.

சாதா பிரிட்ஜ்னா பாடியோட இறுக்கி வெச்சிருக்கும், எழுதினபடி சேடிலை ஏத்தி இறக்கிட்டு போயிடலாம், பிரச்னை இல்ல. ட்ரெமோலோ, அதாவது வேமி பாரோட சேர்ந்து அசையற பிரிட்ஜ், அப்படி இல்ல. 1954ல ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராட்டோகேஸ்டரை இறக்கினப்போ வந்த அமைப்புதான் இன்னிக்கும் பெரும்பாலும் ஓடிட்டிருக்கு: மேல ஒரு தகடு, அதுமேல ஆறு சேடில், ஒவ்வொரு சேடிலுக்கும் ஹைட்டுக்கு ரெண்டு குட்டி ஸ்க்ரூ, தகட்டுக்கு கீழ ஒரு கனமான பிளாக், அதுலேர்ந்து கிட்டாரோட முதுகுப்பக்கம் இருக்கற குழிக்குள்ள மூணுலேர்ந்து அஞ்சு ஸ்ப்ரிங் வரைக்கும் இழுத்து மாட்டியிருப்பாங்க. முன்பக்கம் கம்பி ஆறும் சேர்ந்து இழுக்குது, 10 கேஜ் (கம்பியோட தடிமன் நம்பர்) செட்டுன்னா கிட்டத்தட்ட 45 கிலோ இழுவை, பின்பக்கம் ஸ்ப்ரிங் பதிலுக்கு இழுக்குது, தராசு மாதிரி ரெண்டும் சமமான இடத்துல தகடு நிக்குது. இப்போ 9 கேஜை கழட்டிட்டு 10 போட்டீங்கன்னு வைங்க, கம்பி பக்கம் பலம் கூடிப்போயி தகட்டோட வால் மேல தூக்கிக்கும், தகடு தூக்கினா அதுமேல உக்காந்திருக்கற சேடில் ஆறும் சேர்ந்து தூக்கும், கம்பி ஃப்ரெட்டை (நெக்குல குறுக்கா பதிச்ச உலோகப் பட்டை) விட்டு எட்டப் போயிடும். வாசிக்கறவர் என்ன நினைப்பாரு, சேடில்தான் உசரம்னு இறக்குவாரு, இறக்கி இறக்கி சேடில் தகட்டுலயே படிஞ்சுடும், ஸ்க்ரூ வெறும தொங்கும், கம்பி இன்னும் உசரமாத்தான் இருக்கும். அப்புறம் யாராவது விஷயம் தெரிஞ்சவங்க ஸ்ப்ரிங்கை இறுக்கி தகட்டை கீழ கொண்டுவந்தா கம்பி மொத்தமும் ஃப்ரெட்டு மேல படுத்துக்கும், கர்ர்னு ஒரே சத்தம். லைட் மியூசிக் ட்ரூப்ல இருக்கறதால இப்படி வந்த கிட்டார் நிறைய பாத்தாச்சு.

அதனால முதல்ல ட்யூன் பண்ணிட்டு கிட்டாரை பக்கவாட்டுல பாருங்க. ஃபெண்டர் சொல்ற கணக்கு, தகட்டை முன்பக்கம் ஆறு ஸ்க்ரூவால பிடிச்ச பழைய மாடல்னா தகட்டோட பின் விளிம்புக்கும் பாடிக்கும் நடுவுல 3.2 மி.மீ, ரெண்டு போஸ்ட்ல (தடிச்ச ஸ்க்ரூ) நிக்கற மாடல்னா 2.4 மி.மீ. இந்த இடைவெளியை முதுகுப்பக்கம் ஸ்ப்ரிங் மாட்டியிருக்கற க்ளாவோட (கொக்கித் தகடு) ரெண்டு ஸ்க்ரூவை வெச்சு சரிபண்ணணும், திருப்ப திருப்ப ட்யூன் பண்ணிக்கிட்டே. சில பேர் பாரை மேல இழுக்கவே மாட்டாங்க, அவங்க தகட்டை பாடியோட ஒட்ட வெச்சுக்கலாம், அதுவும் தப்பில்ல, ஆனா எதுன்னு முதல்லயே முடிவு பண்ணிடணும். நெக் வளைவும் அதே மாதிரி முன்னாடியே பாக்க வேண்டியது, முதல் ஃப்ரெட்ல கேப்போ (கம்பி ஆறையும் அமுக்கிப் பிடிக்கற க்ளிப்) போட்டு கடைசி ஃப்ரெட்டை அமுக்கினா எட்டாவது ஃப்ரெட் கிட்ட கால் மி.மீ இடைவெளி போதும், ட்ரஸ் ராட் (நெக் வளைவை சரிபண்ற உள்கம்பி) பழக்கம் இல்லாதவங்க அதுல கை வெக்காம ஆள்கிட்ட குடுங்க.

இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் சேடில். கேப்போ முதல் ஃப்ரெட்லயே இருக்கட்டும், 17வது ஃப்ரெட் தலையிலேர்ந்து கம்பியோட அடிப்பக்கம் வரைக்கும் அளக்கணும், இப்போ வர்ற 9.5 இன்ச் ரேடியஸ் (வளைவு அளவு) ஃபிங்கர்போர்டுக்கு 1.6 மி.மீ, பழைய 7.25 இன்ச்சுக்கு லோ ஈ (தடிச்ச கம்பி) பக்கம் 2 மி.மீ, ஹை ஈ (மெல்லிசு கம்பி) பக்கம் 1.6. அரை மி.மீ கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல் போதும், கண்ணை ஃப்ரெட் மட்டத்துக்கு கொண்டு வந்து பாக்கணும், மேலேர்ந்து பாத்தா ஏமாத்தும். ஸ்க்ரூவை வலப்பக்கம் திருப்பினா சேடில் ஏறும், இறுக்கினா இறங்கும்னு நினைச்சு திருகிட்டே போறவங்க உண்டு. ஒரு சேடில்ல இருக்கற ரெண்டு ஸ்க்ரூவையும் ஒரே அளவு திருப்பணும், ஒண்ணு கூட ஒண்ணு குறைச்சல்னா சேடில் சாய்ஞ்சு உக்காரும். கால் கால் சுத்தா போங்க, சேடில் 1 மி.மீ இறங்கினா 17வது ஃப்ரெட்ல சுமார் 0.6 தான் இறங்கும், 12வதுல பாதி. ஒரு கம்பியை தொட்டா மத்த அஞ்சும் லேசா ட்யூனிங் மாறும், ட்ரெமோலோவுக்கு அது பிறவிக்குணம், மறுபடி ட்யூன் பண்ணிட்டுத்தான் அளக்கணும்.

ஆறு சேடிலையும் ஒரே நேர்கோட்டுல வெக்காதீங்க, ஃபிங்கர்போர்டு வளைவுக்கு ஏத்த மாதிரி நடுவுல டி, ஜி கம்பி கொஞ்சம் உசந்து ஓரம் ரெண்டும் தாழ்ந்து நிக்கணும். ரொம்ப ஆசைப்பட்டு இறக்கினா, முக்கியமா அந்த 7.25 இன்ச் நெக்குல, மேல் ஃப்ரெட்ல பெண்ட் பண்றப்போ (கம்பியை பக்கவாட்டுல தள்றப்போ) நோட் அப்படியே செத்துடும். கம்பி தாழ்ந்ததும் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமா மாத்தற பாகம்) காந்தத்துக்கு கிட்ட வந்துடும், லோ ஈ ஒரு மாதிரி அலைபாயற சத்தம் குடுத்தா பிக்கப்பையும் கொஞ்சம் இறக்குங்க. இண்டோனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்லயும் சுருதி சேர சேடிலை முன்ன பின்ன நகர்த்தறது, கடைசியா.

இன்னொண்ணு, ஆலன் கீ. அமெரிக்க ஸ்ட்ராட்ல இன்ச் சைஸ், .050, அதாவது 1.27 மி.மீ, ஆசிய மாடல் நிறையதுல 1.5 மி.மீ. 1.5 ஓட்டைக்குள்ள 1.27 கீ போகும், ஆனா நழுவி முனையை மழுக்கிடும். நம்ம சென்னை உப்புக்காத்துலயும் உள்ளங்கை வேர்வையிலயும் ஸ்க்ரூ துரு பிடிச்சிருந்தா ஒரு சொட்டு துரு இளக்கற ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்க, பலத்தை காட்ட வேணாம்.

ஃப்ளாய்ட் ரோஸ்ங்கற இன்னொரு வகை ட்ரெமோலோவுல இந்த சேடில் ஸ்க்ரூவே கிடையாது, உசரத்துக்கு ரெண்டு போஸ்ட்தான், கம்பியை தளர்த்தாம அதை திருப்பினா தகட்டோட கத்தி முனை தேஞ்சுபோகும்.

புது கிட்டார் விக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லணும், கம்பி உசரமா இருக்குன்னு பையன் வந்து கேட்டா 'விரல் பழகிடும் தம்பி'ன்னு அனுப்பாம விக்கறப்பவே செட்டப் பண்ணி குடுத்தா என்ன குறைஞ்சுடப் போகுது. உங்ககிட்ட கேக்கறது, அடுத்த இணைப்புல ஒரு சின்ன திருத்தம் போடுங்க, முதுகுமூடியை கழட்டி ஸ்ப்ரிங் தெரியற மாதிரி ஒரு படத்தோட.

இப்படிக்கு,
வாசகர், பெரம்பூர், சென்னை