சூடேறி நின்றுபோகும் டெஸ்க்டொப்: திருகோணமலையிலிருந்து ஒரு புகார்

உப்புவெளி,
திருகோணமலை.
18.07.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா/அம்மணி,

விடயம்: அடிக்கடி நின்றுவிடும் கணினியும் நீங்கள் மறுத்த வாரண்டியும்

மே 9ஆம் திகதி உங்கள் கொழும்புக் கடையில் வாங்கிய டெஸ்க்டொப்பை, லொறியில் போட மனமில்லாமல், இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பதினொரு நாள் ஒழுங்காக வேலை செய்தது. அதற்குப் பிறகு, போட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை, உள்ளே விசிறி இரையத் தொடங்கும், மவுஸ் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நிற்கும். ஓஃப் பண்ணித்தான் திரும்பப் போடவேண்டும். நான் நடத்துவது தட்டச்சு, போட்டோக்கொப்பிக் கடை. நொத்தாரிசு ஒருவரின் 14 பக்க உறுதியில் சேமிக்காத ஆறு பக்கம் அப்படியே போனது. இருந்து திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

முதல் தடவை அழைத்தபோது விண்டோஸைத் திரும்பப் போடச் சொன்னீர்கள். போட்டேன், மாற்றமில்லை. இரண்டாம் தடவை, "திருகோணமலை வெக்கைக்கு அப்படித்தான், கடல் காற்று வேறு" என்றீர்கள். கச்சான் காற்று வீசுகிற காலம், வெக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மேசையில் எட்டு வருடப் பழைய கணினி ஒன்று காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை ஓடுகிறது. அதற்கும் இதே வெக்கைதானே? புதியதை விடிய ஆறரை மணிக்குப் போட்டு, எந்த வேலையும் கொடுக்காமல், விண்டோஸ் தொடங்க முன் வரும் பயோஸ் திரையில் கணினியின் மூளையான புரொசசரின் சூட்டைப் பார்த்தேன்: 91 பாகை.

மூன்றாம் தடவை பேசிய தம்பி, "பக்கத்து மூடியைக் கழற்றித் தூசி தட்டிப் பாருங்கோ அக்கா" என்றார். வாரண்டி ஸ்டிக்கர் கிழியுமே என்று இரண்டு தரம் கேட்டேன். "பரவாயில்லை, கழற்றுங்கோ" என்றார்.

கழற்றினேன். தூசி இல்லை. புரொசசருக்கு மேலே இருந்து அதன் சூட்டை இழுக்கிற கூலரை மதர்போர்டில் (உள்ளே இருக்கிற பெரிய பலகையில்) பிடிக்கிற நான்கு பிளாஸ்ரிக் முளைகளில் ஒன்று தலை வெடித்து, பூட்டாமல் கிடந்தது. சட்டி அடுப்பில் சாய்ந்து இருந்தால் ஒரு பக்கம்தான் சூடாகும், இதுவும் அப்படித்தான். புரொசசர் கொதிக்க, கூலரின் அலுமினியத் தகடுகளோ வெதுவெதுப்பாக மட்டும் இருந்தன. சூடு மேலே ஏறவே இல்லை. என் தம்பியைப் பக்கத்தில் நிற்கவைத்து (மின்சாரம் என்றால் எனக்குப் பயம்) அந்த மூலையைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தேன். 91 பாகை கண்முன்னே 62க்கு இறங்கியது. விரலை எடுத்தேன், திரும்ப ஏறியது. வெயில் என் பெருவிரலுக்குப் பயந்தா இறங்கியது?

படங்களை அனுப்பினேன். வந்த பதில் ஒரே வரி: ஸ்டிக்கர் கிழிந்துள்ளதால் வாரண்டி செல்லாது. கழற்றச் சொன்னவர் உங்கள் ஆள். அந்த அழைப்பின் திகதியும் நேரமும் என் தொலைபேசியில் இருக்கின்றன.

கூலரை மாற்றி, புரொசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற தேர்மல் பேஸ்ட்டையும் புதிதாகப் பூசித் தரவேண்டும். கொழும்புக்கு அனுப்பும் கூலியையும் நீங்களே ஏற்கவேண்டும். வாரண்டி தொடர்கிறது என்று எழுத்தில் தரவேண்டும். பதினான்கு நாளுக்குள் பதில் இல்லையென்றால், இதே கடிதம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகும்.

விலைச்சிட்டைப் பிரதியும் மூன்று படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. வெடித்த முளையைக் கடித உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புவேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
உங்கள் வாடிக்கையாளர்